பால் கக்குவதற்கும் வாந்திக்கும் தனிச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,
பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் ஒரே பதிப்பு. மூலத்தில் இரண்டு சொற்கள். வயிற்றுத் தசை இறுகி உந்தித் தள்ளுவது ஒன்று. குடித்த பால் திரிதிரியாகக் கடைவாயில் தானே வழிவது மற்றது. வரைவில் இரண்டுமே 'வாந்தி'. இப்படியே போனால் வழிந்த பாலுக்கெல்லாம் தாய் பதறுவாள். பச்சை நிறத்தில் பித்தம் வருவதும், பிறந்து 3–6 வாரத்தில் குடித்த பால் ஒவ்வொரு முறையும் பீறிட்டு அடிப்பதும்தான் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை. அந்த எச்சரிக்கை எடுபடாது. வழிவதற்கு 'உமிழ்தல்' போடலாமா?

> 'உமிழ்தல்' போடலாமா?

வேண்டாம் ஐயா. உமிழ்நீர், ஒளி உமிழ் டையோடு, கார்பன் உமிழ்வு என்று அதற்கு வேலை அதிகம். வாந்தியோ வடசொல். 'காலுதல்' இருக்கிறதே! கால், கான்ற, கான்றல். தீ கான்றது, நஞ்சு கான்றது என்று இலக்கியத்தில் நிமிர்ந்து நிற்கும் வினை.

> நிமிர்ந்து நிற்கும் வினை

நிற்பது உருவகத்தில்தான். உமிழ்ந்த, கக்கிய, வாந்தியான என்பவை உருவகமாக வந்தால் மிக அழகு, நேர்ப்பொருளில் கொச்சை என்று வடமொழி அணியிலக்கண ஆசிரியர் தண்டியே தம் காவியாதரிச நூலில் சொல்லிவிட்டார். 'குழந்தை கான்றது' எந்தத் தாய்க்குப் புரியும்? யாழ்ப்பாணத்தில் 'சத்தி'. அதுவும் வடமொழிச் 'சர்த்தி'யின் (வாந்தி) திரிபுதான். தமிழகத்தில் அதைச் சக்தி என்று படிப்பார்கள். ஆகவே 'வாந்தி (சத்தி)' என்று சேர்த்தே அச்சிடுங்கள். வழிவதற்கு 'எதுக்களித்தல்'. எதிர்க்களித்தல் மருவியது, எதிர்த்து மேலேறுவது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> வழிவதற்கு 'எதுக்களித்தல்'

எதுக்களிப்பு நெஞ்செரிச்சல்காரர்களின் சொல். தொண்டைவரை வந்து திரும்பினாலும் எதுக்களிப்புதான். இங்கே பால் வாய்க்கு வெளியே வருகிறது. மாட்டுக்கு 'அசைபோடுதல்' என்கிறோம், அதில் மெல்லுவதுதான் முன்னிற்கிறது. வயிற்றிலிருந்து மேலே கொண்டுவருவதற்கு ஈழத்தில் 'இரைமீட்டல்' என்ற அருமையான சொல் உண்டு. அதன்படி 'பால்மீட்டல்' எனலாமே?

> 'பால்மீட்டல்' எனலாமே?

மீட்டல் என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. குழந்தை பாலை விடுகிறது, பெறவில்லை.

நேரமில்லை. பெரும்பான்மை முடிவு: உந்தித் தள்ளுவதற்கு 'வாந்தி (சத்தி)', வழிவதற்கு 'பால் கக்குதல்'. முதல் முறை வரும் இடத்தில் 'உந்தாமல் தானே வழிவது' என்று ஒரு வரி விளக்கம்.

> வழிவதற்கு 'பால் கக்குதல்'

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அதே கையேட்டில் கக்குவான் இருமலும் வருகிறது. அதில் இருமி இருமிக் குழந்தை வாந்தியே எடுக்கும். அந்தப் பக்கத்தைப் படித்தவர் 'கக்குதல்' சாதாரணம் என்று எப்படி நம்புவார்? எதுக்களித்தலே சரி.