பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா?

லண்டனில் இருக்கிறேன். 2006 மாடல் ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 68,000 மைல் ஓடியது, பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எம்ஓடி (வருஷாவருஷம் நடக்கும் வண்டிச் சோதனை) விவரத்தில் பெரிய குறை இல்லை, ஆனால் என்ஜினுக்குள் என்ன நிலைமை என்று அதில் தெரியாதே. இதில் இருப்பது ரோட்டரி என்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்; அதன் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம்) குறைந்து, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும் என்பதால், நன்றாக ஓட்டி அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கப்போகிறேன். ஓனர் என்ஜின் புதுசாக மாற்றியது என்கிறார், பில் கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்கிறார், சரி, தேடட்டும். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்குப் போதாது, ரோட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அந்தக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் யாரையாவது தெரியுமா? அப்புறம், இந்த வண்டி வைத்திருப்பவர்களே, எத்தனை மைலுக்கு ஒருமுறை ஆயில் ஊற்றுகிறீர்கள்? சனிக்கிழமை பார்க்கப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.