சேலத்திலிருந்து ஒரே நாளில் ஒகேனக்கல், மேட்டூர் அணை: இரண்டையும் பார்க்க முடியுமா?

ஊர்சுற்றி_சேலம்:
ஆடி மாதத்தில் அப்பா அம்மா, பிள்ளைகளோடு காரில் ஒருநாள் போய்வரலாம் என்று யோசனை. காலையில் ஒகேனக்கலில் குளியல், பரிசல், மீன் சாப்பாடு, அப்புறம் சாயங்காலம் மேட்டூரில் 16 கண் மதகு. 2024 ஜூலை கடைசியில் அணை 120 அடி நிரம்பி உபரிநீர் போனதை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரே நாளில் எல்லாம் முடியுமா, எதை முதலில் வைத்துக்கொள்வது?

மேச்சேரி மைனர்:
நேரம் பிரச்சினையே இல்லை. தண்ணீர்தான் பிரச்சினை. 16 கண் மதகில் தண்ணீர் போகிறது என்றால் அணை நிரம்பி, மேலேயிருந்து வெள்ளமும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த வெள்ளம் முழுக்க ஒகேனக்கலைத் தாண்டித்தானே மேட்டூருக்கு வரவேண்டும்? அந்த நேரத்தில் அங்கே குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டிருப்பார்கள். அதனால் அம்மா ஆசைப்படுவதும் பிள்ளைகள் ஆசைப்படுவதும் ஒரே நாளில் அமையவே அமையாது. அணை திறந்திருக்கிறதே என்று நம்பியும் போகாதீர்கள், ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்கு விடும் தண்ணீர் பெரும்பாலும் மின்நிலையங்கள் வழியாகப் போய்விடும், மதகு வறண்டுதான் கிடக்கும்.

இங்கே வெயில் அடிக்கிறதே என்று ஆற்றை எடைபோடவும் கூடாது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கர்நாடகத்தின் கேஆர்எஸ், கபினி அணைகளில் திறந்துவிட்டால் போதும், நம் பக்கம் ஒரு தூறல் இல்லாமலேயே காவிரி ஏறிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியில், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள், அது ஏறிக்கொண்டே போனால் திட்டத்தை மாற்றுங்கள்.

பென்னாகரத்துப் பொண்ணு:
மைனர் அண்ணா சொன்னது சரி. ஆனால் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டு ஊரிலும் கூட்டம் நெரியும், பெரியவர்களை வைத்துக்கொண்டு வண்டி நிறுத்தவே பாதி நாள் போய்விடும்.

ஒகேனக்கலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி, பென்னாகரம் வழியாகக் காலையிலேயே இறங்கிவிடுங்கள், திரும்பும்போது பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர், அங்கிருந்து வீடு. மாற்றிப் போட்டால் பென்னாகரம் மலைப்பாதையில் இருட்டிவிடும், யானை நடமாட்டம் உள்ள காடு அது. பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாறை இடுக்குகளில் சுழல் உண்டு, நீச்சல் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள், ஆனால் குளிக்கப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள், பசியோடு வந்து காத்திருக்க முடியாது. குரங்குகள் பையைப் பிடுங்கும், அது தனிக்கதை.

ஊர்சுற்றி_சேலம்:
அப்படியென்றால் எந்த மாதம் தோது?

மேட்டூர் மாப்பிள்ளை:
கார்த்திகைக்கு அப்புறம் பொங்கலுக்கு முன்னால். வெள்ளம் தணிந்திருக்கும், அருவியும் மெலிந்திருக்காது, வெயிலும் கடிக்காது. மதகு ஓடாது, ஆனால் 1934-இல் கட்டி முடித்த அணையைப் பூங்காப் பக்கம் நின்று பார்த்தாலே ஐந்தாயிரம் அடிக்கு மேல் நீளும் சுவர் கண்ணுக்கு அடங்காது, உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். நீர்மட்டம் நன்றாகக் குறைந்த வருடம் என்றால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். என்னைக் கேட்டால் நிரம்பிய அணையைவிட இதைப் பார்ப்பதற்குத்தான் மெனக்கெட்டு வரலாம்.

அம்மாவின் மதகு ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. அணை நிரம்பிவிட்டது, உபரிநீர் திறந்தாயிற்று என்று செய்தி வந்தால் மறுநாளே மேட்டூருக்கு மட்டும் அழைத்து வாருங்கள். சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக வந்து மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கரையோரம் மட்டும் இறங்க வேண்டாம், எவ்வளவு திறப்பார்கள் என்பது மணிக்கு மணி மாறும்.