புதுப்பிப்பு: கோபிவே கொடி பூத்துவிட்டது

சிலி நாட்டின் வால்டிவியா நகரில், என் வீட்டில் வளர்க்கும் கோபிவே என்ற பூங்கொடியில் மொட்டுகள் கருகி உதிர்வதாக முன்பு எழுதி, வெயிலுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டவே வேண்டாம், வேரைக் குளிர்ச்சியாக வை என்றீர்கள். அப்படியே வடக்குச் சுவரை விட்டு மரநிழலுக்கு மாற்றி, அடியில் இலைமக்கைத் தடிமனாகப் பரப்பினேன். (இங்கே தென்கோளம், வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.)

இலையுதிர் காலம் தொடங்கியதும் பூத்துவிட்டது! விரல் நீளத்துக்குத் தலைகீழாகத் தொங்கும் சிவப்பு மணி. இதழ் மெழுகு பூசியதுபோல் கெட்டி. உள்ளே வெளிறிய புள்ளிகள். ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வந்து அலகை நுழைத்துத் தேன் குடிப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

விதை கேட்டவர்களுக்கு: காய்ந்தால் முளைப்பது கடினம், பழத்திலிருந்து எடுத்ததும் விதைக்க வேண்டும். பூக்கச் சில வருடங்கள் ஆகும். காட்டுக் கொடியில் கை வைக்காதீர்கள். 1977 முதல் இது சிலியின் தேசிய மலர், பறிக்கத் தடை உண்டு. நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். அப்புறம், மண்ணிலிருந்து எழும் இளந்தண்டை நத்தைகள் ஒரே இரவில் தின்றுவிடும்; அதை மட்டும் கவனியுங்கள்.