பழைய கைத்துப்பாக்கிக்கு உதிரிப் பாகங்களைக் கடைந்து வாங்குவது எப்படி?

பழைய இரும்பு (கேள்வி):

குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும், பெர்கஷன் கேப் (சுத்தி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) வகையைச் சேர்ந்த ஒற்றைக் குழல் கைத்துப்பாக்கி ஒன்று என் பாட்டனாரின் பெட்டியிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் லாக்கினுள் (சுத்தியை இயக்கும் பொறியமைப்பினுள்) இருக்கும் பட்டை வில் இரண்டாக முறிந்து கிடக்கிறது. சுத்தியைப் பிடித்து நிறுத்தும் திருகாணி தொலைந்துபோய், அந்த இடத்தில் பொருந்தாத ஓர் ஆணியை யாரோ செருகி வைத்திருக்கிறார்கள். கேப் பொருத்தும், தீயைக் குழலுக்குள் விடும் சிறு குழாயான நிப்பிளின் விளிம்பும் நசுங்கியிருக்கிறது.

இதைச் சுடும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும், சுத்தியை இழுத்தால் அரை நிலையிலும் முழு நிலையிலும் அது நிற்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் விசாரித்தபோது, "மாதிரியைக் கொண்டுவாருங்கள், அதைப் போலவே செய்து தருகிறோம்" என்றார்கள். மாதிரியே உடைந்தும் தொலைந்தும் இருக்கும்போது எதைக் கொடுப்பது? இதே தோற்றமுடைய வேறொரு பழைய துப்பாக்கியின் பாகங்களை வாங்கிப் பொருத்திவிட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மருந்துக்குடுவை:

ஐயா, பாகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழல் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவை சேர்ந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டுகள் கடந்தும் வீரியம் குறையாமல் இருக்கும். கெட்டித்த நிலையிலேயே மறந்து வைக்கப்பட்ட துப்பாக்கிகள் தலைமுறைகள் தாண்டி அப்படியே கைமாறி வருவது அரிதான செய்தி அன்று.

மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலினுள் மெதுவாக விட்டு, அது முட்டும்போது வாயருகே குச்சியில் அடையாளம் இடுங்கள். பிறகு அந்த அடையாளம் குழல் வாயுடன் சேரும்படி குச்சியை வெளிப்புறமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரை எட்ட வேண்டும். எட்டாமல் விரற்கடை அளவு குறைந்தாலும் உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அப்போது குடைந்தோ சூடேற்றியோ எடுக்க முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் தகவல் சொல்லுங்கள்.

சட்டத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய பழம்பொருளுக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு. சில நாடுகளில் லாக்கை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொடுப்பதற்கும் தாள்கள் தேவைப்படும்.

கடைசல் மேடை:

மேலே சொன்ன சோதனையை முடித்த பிறகே இதைப் படியுங்கள்.

"மாதிரியைப் போலவே" செய்வதில்தான் முதல் பிழை பிறக்கிறது. தேய்ந்த பாகத்தை அளந்து புதிதாகச் செய்தால், தேய்மானத்தையும் சேர்த்தே செய்தவர்களாவோம். அளவுகளை அந்தப் பாகத்திடம் கேட்பதைவிட, அது உட்காரும் துளை, அது தொடும் முகம், அது நகரும் தூரம் ஆகியவற்றிடம் கேட்பதே சரி. ஆகவே பட்டறைக்கு உடைந்த துண்டுகளுடன் அவை பொருந்தும் லாக் தட்டும் போக வேண்டும்.

திருகாணியில் உண்மையான சிக்கல் மரைதான். ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் 55 பாகைக் கோண மரையைப் பொதுத் தரமாக முன்மொழிந்தது 1841இல். அதற்கு முன்பும், அதற்குப் பிறகு நெடுங்காலமும், துப்பாக்கி செய்தவர்கள் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்ட மரைத்தகடுகளால் திருகாணி வெட்டினார்கள். எனவே உங்கள் துளையின் மரை எந்த அட்டவணையிலும் இல்லாமல் போகலாம். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் பசையைத் துளையில் விட்டு அச்செடுத்து, அதில் மரைகளின் இடைவெளியை எண்ணி அளக்கலாம். பிறகு லேத்தில் ஒற்றை முனை உளியால் மரை வெட்டி, முதலில் பித்தளையில் ஒரு சோதனைத் திருகாணி செய்து பாருங்கள்; அது பொருந்தாவிட்டாலும் பழைய இரும்பின் மரையைக் கெடுக்காது. எக்காரணம் கொண்டும் இக்காலத்து டேப்பை (துளையில் மரை வெட்டும் கருவியை) துளைக்குள் ஓட்டவிடாதீர்கள். ஒரு நிமிட வசதிக்காக மூல மரை என்றென்றைக்கும் அழிந்துவிடும்.

வில்லுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கார்பன் உள்ள எஃகு ஏற்றது. தகட்டிலிருந்து ஒயர் கட் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும்) முறையில் வடிவத்தை வெட்டலாம், ஆனால் வெட்டுத் தடங்களை வில்லின் நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், ஏனெனில் குறுக்கே கிடக்கும் ஒரு சிறு கீறலே விரிசலுக்குத் தொடக்கமாகும். காந்தம் பிடிக்காத நிலை, அதாவது ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் தாண்டிச் சிறிது வரை சூடாக்கி, எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடியைப் போல் கடினமாகும், அதே அளவு நொறுங்கவும் செய்யும். அதன்பின் 300 பாகையை ஒட்டி நீலம் படரும் வரை மீண்டும் சூடேற்றினால்தான் அது வில்லாகும். தோய்ச்சல் தெரிந்தவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள். காட்சிக்கு வைக்கும் பொருள் என்பதால் மூல வில்லைவிடச் சற்று மெலிந்ததே போதும். சுத்தியை அரை, முழு நிலைகளில் பிடித்து நிறுத்தும் பழைய வெட்டுகளுக்கும் அது நன்மை.

நிப்பிளைத் துளையிடாமல் திண்மையாகச் செய்யச் சொல்லுங்கள். தோற்றம் மாறாது, இதைச் சுட முடியாது என்பதும் உறுதியாகிவிடும். சுத்தி அரை நிலையில் நிற்காமல் நழுவினால், அந்த வெட்டுகளில் அரம் வைக்க லேத் பட்டறையை அனுமதிக்காதீர்கள். அது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை.

பேழைக் காவலர்:

வேறொரு துப்பாக்கியின் பாகம் பொருந்துமா என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. பெரும்பாலும் பொருந்தாது. பிரான்சில் துப்பாக்கி செய்பவரான ஒனோரே பிளாங்க் கழற்றி வைத்த பல லாக்குகளின் பாகங்களில் கைக்கு வந்ததை எடுத்து 1785இல் தாமே பூட்டிப் பார்த்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன், அதை ஒரு புதுமையாகக் கருதிக் கடிதத்தில் எழுதினார். அதன் பிறகும் சிறு பட்டறைகளில் ஒவ்வொரு பாகமும் அதனதன் துணைக்கு ஏற்ப அரத்தால் இழைத்தே பொருத்தப்பட்டது. ஒரே லாக்கின் இரண்டு திருகாணிகளைக்கூட இடம் மாற்ற முடியாமல் போகலாம் என்பதால், கழற்றும்போது அட்டையில் லாக்கின் வரைபடம் போட்டு ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள்.

முறிந்த வில்லையும் பழைய நிப்பிளையும் தூக்கி எறிய வேண்டாம் என்று மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சிறு உறையில் இட்டுக் குறிப்புடன் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள். புதிய பாகத்தின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஆண்டைப் பொறியுங்கள், இல்லையேல் அடுத்த தலைமுறை அதை மூலப் பாகம் என்று நம்பிவிடும். பேழையில் சுத்தி எப்போதும் இறங்கிய நிலையில் இருக்கட்டும்; அதற்கும் நிப்பிளுக்கும் இடையே மெல்லிய தோல் துண்டு ஒன்று வைத்தால் நல்லது.

பழைய இரும்பு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துக்குடுவை ஐயாவுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். குச்சி இரண்டு விரற்கடை குறைவாகவே நின்றது. உரிமம் பெற்றவரிடம் கொடுத்தேன். ஈயக் குண்டும் அதன் பின்னால் உலர்ந்த மருந்தும் வெளியே வந்தன. சிறுவயதில் அதை நாங்கள் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம்.

இப்போது பித்தளைத் திருகாணி தயார். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் மரை வெட்டினார்கள். மூன்று சுற்று இலகுவாகச் சென்று, பிறகு இறுகுகிறது. சற்று மெலிதாகக் கடைந்தால் போதுமா?

கடைசல் மேடை:

மேலே முறுக்க வேண்டாம், மெலிதாக்கவும் வேண்டாம். விட்டம் மிகுந்திருந்தால் முதல் சுற்றிலேயே இறுகியிருக்கும். சில சுற்றுகள் சென்ற பிறகு இறுகுவது இடைவெளி ஒத்துப்போகாததன் அடையாளம். அங்குலத்துக்கு 26 மரை என்றால் இடைவெளி 0.977 மில்லிமீட்டர்; 1 மில்லிமீட்டருடன் ஒப்பிட்டால் ஒவ்வொரு மரைக்கும் நூறில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதியான வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். அச்சில் பத்து மரைகளின் மொத்த நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். 9.77 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால், லேத்தின் பல்சக்கரங்களை 26க்கு மாற்றி இன்னொரு பித்தளைத் திருகாணி வெட்டச் சொல்லுங்கள். அது விரலால் திருகியே கடைசி வரை இறங்கிய பிறகு எஃகைத் தொடலாம்.