பேருந்தில் வாழ்ந்தபடி பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் குடும்பத்தோடு பழகிய அனுபவம்

பழைய பேருந்து ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு, நாடு முழுவதும் சுற்றியபடியே தம் மகளுக்கும் மகனுக்கும் தாமே கற்பிக்கும் ஒரு தம்பதியோடு சில வாரங்கள் நெருங்கிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே, அவர்கள் எங்கெங்கே போனார்கள், என்னென்ன பார்த்தார்கள் என்பதைவிட, பிள்ளைகள் எதைக் கற்றார்கள், எது அவர்களுக்குக் கிட்டவில்லை என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. இப்படியொரு வாழ்க்கையைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வியப்பளித்த செய்தி, வண்டி ஓடும் நேரத்தில் அங்கே பாடமே நடப்பதில்லை என்பதுதான். ஓடும் பேருந்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து பிள்ளைகள் படிப்பார்கள் என்றுதான் பலரும் கற்பனை செய்கிறார்கள். கண் அசையாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, உட்செவி மட்டும் வண்டியின் அசைவை உணரும்போது மூளைக்கு ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் போய்ச் சேருகின்றன. குமட்டல் அதனால் வருவது. பையனுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதனால் ஓடும்போது இருவரும் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு ஒலிநூல் கேட்பதோடு சரி. நான்கு நாள் ஓர் இடத்தில் தங்கினால் நான்கு நாளும் காலை வேளை முழுவதும் எழுத்து வேலை உண்டு என்பதை அந்தத் தாய் விதியாகவே வைத்திருந்தார். "ஓட்டம் மிகுந்த மாதத்தில் இவர்களுடைய படிப்பு தேய்ந்துவிடுகிறது சார், பயணத்தைக் குறைத்தால்தான் படிப்பு நிற்கிறது" என்று அவர் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பயணம் தரும் கல்விக்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, பையன் செய்துவந்த துருவ நட்சத்திர அளவீடு. ஒரு பாகைமானியின் நடுவில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் சிறு எடையைத் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பு வழியாக நட்சத்திரத்தைப் பார்த்து, அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வான். வடகோளத்தில் அந்த உயரம் ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். கையால் செய்த கருவி ஆதலால் ஒவ்வொரு முறையும் அளவு சற்று மாறும். ஆகவே பலமுறை அளந்து சராசரி எடுக்கக் கற்றிருந்தான். அட்சரேகை ஒரு பாகை மாறினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 111 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் வண்டியின் தூரமானி எப்போதும் அதைவிட மிகுதியாகவே காட்டியது. ஏன் என்று என்னிடம் கேட்டான். நான் விடை சொல்லவில்லை. வரைபடத்தையும் ஒரு நூலையும் கொடுத்தேன். சாலையின் வளைவுகளின் மேல் நூலை வைத்துப் பார்த்தவன், வளைவு ஒரு காரணம் என்பதை முதலில் கண்டான். கிழக்கு மேற்காக எவ்வளவு போனாலும் நட்சத்திரத்தின் உயரம் மாறாது என்பதை மறுநாள் தானே வந்து சொன்னான். என் வகுப்பறையில் அட்சரேகையைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி அங்கே எழுந்ததில்லை.

மின்சாரமும் அவர்களுக்கு ஒரு பாடநூல். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 1200 வாட்-மணி, அதாவது 1.2 யூனிட். அது ஈய-அமில வகையாக இருந்தால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 600 வாட்-மணியைத்தான் நம்பிச் செலவிடலாம். மேகம் மூடிய நாளில் மடிக்கணினிக்கு எத்தனை மணி நேரம், மின்விசிறிக்கு எத்தனை மணி நேரம் என்று பங்கிடும் பொறுப்பு மகளிடம் இருந்தது. மலையேறும்போது ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை 1 பாகை செல்சியஸ் குறைவதை வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதிய குறிப்பேடும் அவளிடம் இருந்தது.

இவ்வளவையும் பாராட்டிவிட்டு, கவலைக்குரியதையும் சொல்லியாக வேண்டும். பின்னம், விகிதம், சதவீதம் ஆகியவற்றில் அந்தப் பெண் தன் வயதுப் பிள்ளைகள் பலரைவிடத் தெளிவாக இருந்தாள். ஏனெனில் எரிபொருளும் தண்ணீரும் தூரமும் நாள்தோறும் அவற்றைக் கேட்டன. இருபடிச் சமன்பாட்டையோ வடிவியல் நிரூபணத்தையோ சாலை கேட்பதில்லை. அங்கே அவள் தடுமாறினாள். விடையைக் கண்டுபிடித்துவிடுவாள், அது ஏன் எப்போதும் உண்மையாக இருக்கும் என்று படிப்படியாக எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். வாழ்க்கையே பள்ளி என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அனுபவம் கணக்கைக் கற்றுத்தரும். கணிதத்தின் ஒரு பெரும்பகுதி மேசை முன் பொறுமையாக உட்கார்ந்தால் மட்டுமே வரும்.

நட்பைப் பற்றியும் கேட்டேன். தொடக்கத்தில் புதிது புதிதாக ஊர் மாறியதில், பழகிய பிள்ளைகளை விட்டுப் பிரியும் வருத்தம் மகளை மிகவும் வாட்டியதாம். ஒரு கட்டத்தில் புதியவர்களோடு பேசுவதையே அவள் நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் பெற்றோர் வழித்தடத்தை மாற்றினார்கள். ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய், அங்கே பழைய தோழர்களோடு நீண்ட நாள் தங்குகிறார்கள். புதிய இடங்கள் குறைந்தன. ஆனால் அவளுக்குக் காத்திருக்க ஆட்கள் கிடைத்தார்கள். அந்தத் தந்தை தம் பயண ஆசையை மகளுக்காக இப்படி அடக்கிக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. பிள்ளைக்குப் பள்ளியிலோ வேறு வகையிலோ தக்க கல்வி அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்விக்கு இடம் உண்டு, ஆனால் பதிவும் தேர்வும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓர் இடத்தில் நில்லாதவர்களுக்கு எந்த மாநிலம் சட்டப்படி வசிப்பிடம் என்பது அதனால் முக்கியமாகிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. பள்ளிக்குப் போகாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 10ஆம், 12ஆம் வகுப்புக்கு இணையான தேர்வுகளை எழுதலாம். எந்த நாடாயினும், நாள்வாரியாக என்ன படித்தார்கள் என்ற பதிவேட்டையும் பிள்ளைகள் எழுதிய தாள்களையும் தேதியோடு சேர்த்து வைப்பது நல்லது. அந்தத் தாய் இதில் மிகவும் ஒழுங்கானவர். ஆண்டுக்கு ஒரு கோப்பு என்று வைத்திருந்தார்.

அவர்கள் என்னிடம் உண்மையில் உதவி கேட்டது செய்முறைத் தேர்வைப் பற்றித்தான். மகள் வேதியியல் எடுக்க விரும்புகிறாள். கேம்பிரிட்ஜ் நடத்தும், 10ஆம் வகுப்பு நிலையிலான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் செய்முறைக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் உண்டு என்பதால் அதை எடுத்துவிடலாம் என்பது தந்தையின் எண்ணம். அவளோ, "பியூரெட்டைக் கையால் பிடிக்காமல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை தாத்தா" என்றாள். பியூரெட் என்பது திரவத்தைத் துளித்துளியாக அளந்துவிடும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய். அவள் பக்கம்தான் நான் பேசினேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, மழைக்காலம் முழுவதும் ஆய்வுக்கூட வசதியுள்ள ஒரு பயிற்சி மையத்துக்கு அருகில் பேருந்தை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முன்பு முடிக்க வேண்டிய இயற்கணிதத்துக்கும் வடிவியலுக்கும் நான் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்கே இருந்தாலும் வாரந்தோறும் தன் நிரூபணங்களைப் படம் எடுத்து அனுப்புகிறாள். நான் திருத்தி அனுப்புகிறேன். இப்போது அவள் எழுதும் படிகளில் காரணங்கள் விடுபடுவது குறைந்து வருகிறது.