தயாவின் பிக்கப்புக்கு நாலு பட்டன்

குழு: நல்லூர் வீட்டார்

சனி, மாலை 5:40

தயா: [படம்] பெரியப்பா, நான் சொன்ன ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இதுதான், இழுவையை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரிக்கிற பெட்டி. 2005 டாஹோ வண்டியில் கழற்றியதாம். என்னுடைய 2004 சில்வராடோ 1500 பிக்கப்பில் தடியை இழுத்து மாற்றுகிற தடிக் கேஸ்தானே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, தானாக மாறுகிற இந்த ஓட்டோ கேஸைப் போடப்போகிறேன்.

பெரியப்பா: இருக்கிறது வேலை செய்யவில்லையா?

தயா: நன்றாக வேலை செய்கிறது. சுபாதான் தடியைத் தொடமாட்டாள்.

சுபா: ஏன் தொடமாட்டேன் என்றும் சொல்லுங்கோ. போன மாசியில் பாரி (Barrie) நகரில் பனி கொட்டுது என்று நாலு சில்லும் இழுக்கத் தடியை 4இல் போட்டேன். 400 நெடுஞ்சாலையில் இன்னிஸ்ஃபில் தாண்ட ரோட்டு காய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வளைக்க வண்டி துள்ளித் துள்ளி இடித்தது. இரவு வேலைக்குப் போகிற நான் ரோட்டைப் பார்க்கிறதா, தடியைப் பார்க்கிறதா?

பெரியப்பா: அது பழுதில்லை பிள்ளை. தடிக் கேஸை 4இல் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே சுற்று. வளைக்கும்போது முன் ரயர் கூடத் தூரம் ஓட வேண்டும். பனியில் வழுக்கிச் சமாளித்துவிடும், காய்ந்த தாரில் துள்ளும்.

அம்மா: இரவு வேலையை விடு என்று நான் அப்பவே சொன்னேன்.

ரவி: அத்தான், ஓட்டோவில் என்ன வித்தியாசம்?

தயா: உள்ளே கிளச் தட்டுகள் இருக்கு. இரண்டு தண்டிலும் வேகம் பார்க்கிற சென்சார். பின் தண்டு முன்னதைவிடக் கூடச் சுற்றினால் ஒரு சின்ன மோட்டார் கிளச்சை நெருக்கி முன்னுக்கும் இழுவை கொடுக்கும். ரயர் பிடித்ததும் தளர்த்திவிடும்.

பெரியப்பா: 246 மொடல்தானே. நல்ல பெட்டி. கியர்பொக்ஸ் தண்டு நுழைகிற வாயில் எத்தனை பல் என்று எண்ணு.

தயா: 32.

பெரியப்பா: திரும்ப எண்ணு.

தயா: 32தான். மார்க்கரால் புள்ளி வைத்து எண்ணினேன்.

பெரியப்பா: உன் கியர்பொக்ஸ் 4எல்60இ. அதற்கு 27. இது டாஹோவில் இருந்து வந்ததில்லை, உன்னதைவிடப் பாரமான முக்கால் தொன் வண்டி எதிலோ கழற்றினது. திருப்பிக் கொடு.

தயா: பெட்டியில் டாஹோ என்று எழுதியே வைத்திருந்தார்கள்!

பெரியப்பா: மார்க்கர் உன்னிடம் மட்டும்தானா இருக்கு?

அம்மா: காசு திரும்பத் தருவானா?

ரவி: அத்தான், அடுத்த முறை பெட்டியை மட்டும் வாங்காதேங்கோ. தடி வண்டியில் இதற்கான வயறிங்கே இல்லை. மோட்டார், கன்ட்ரோல் மொடியூல், டாஷ்போர்ட் சுவிட்ச், வயறிங் எல்லாம் ஒரே வண்டியில் கழற்ற வேண்டும். வயரை நான் வந்து இழுத்துத் தருகிறேன். சாப்பாடு அக்காவின் கையால்.

பெரியப்பா: பின் பாதியின் உள்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார். ஒயில் பம்பின் காது ஆடி ஆடி உறையை அரைக்கும், கடைசியில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். ஓடும்போதுதான் ஒயில் வெளியே போகும், நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டும் இருக்காது. பெட்டி காய்ந்து இறுகின பிறகுதான் தெரிய வரும்.

ரவி: பெரிய மாமா யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டின ஆள், இதெல்லாம் எங்கே படிச்சனீங்கள்?

பெரியப்பா: ஸ்காபரோவில் 22 வருஷம் கராஜில் நின்றது சும்மாவா?

அடுத்த சனி, பகல் 1:15

தயா: [படம்] 27 பல். மூன்று தரம் எண்ணிவிட்டேன். பின் பாதியில் அரைபட்ட தடம் இருக்கு, ஓட்டை இல்லை. தட்டு வைத்து அடைக்கிற கிட் வாங்கிப் போட்டேன்.

தயா: பழையது இறங்கிவிட்டது. 6 நட்டில் 4 உப்பில் துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. இந்த ஊரில் ரோட்டுக்குப் போடுகிற உப்பில் ஒரு கடலே செய்யலாம்.

தயா: பெரியப்பா, வாங்கின பெட்டியில் இருந்து நீலமாக ஒழுகுகிறது. யாரோ கூலன்ட் ஊற்றிவிட்டார்களா?

பெரியப்பா: இல்லை, அதன் ஒயிலின் நிறமே நீலம். ஓட்டோட்ராக் 2 என்று கேட்டு வாங்கு, 2 லீற்றர் அளவு போகும். பழைய பெட்டிக்கு ஊற்றின சிவப்பை இதற்கு ஊற்றாதே, கிளச் நடுங்கும்.

பெரியப்பா: ரயர் நாலும் ஒரே தேய்மானமா?

தயா: முன்னுக்கு இரண்டும் புதிது.

பெரியப்பா: அதுதான் கேட்டேன். பின் ரயர் தேய்ந்து சின்னதானால் பின் தண்டு எப்பவும் கூடச் சுற்றும். பெட்டி அதை வழுக்கல் என்று நினைத்து கிளச்சை நெருக்கிக்கொண்டே இருக்கும். நாலும் குளிர்கால ரயராக மாற்று. பெட்டி இழுக்கத்தான், நிற்பாட்டுகிறது ரயர்.

அம்மா: அதைச் சொல்லுங்கோ அண்ணை.

இரவு 9:50

ரவி: டாஷ்போர்ட் சுவிட்சில் நாலு பட்டனும் எரியுது. சோறும் கணவாய்க் கறியும் வந்து சேர்ந்தது.

செவ்வாய், காலை 7:30

சுபா: நேற்றிரவு ஓட்டோவில் போட்டுவிட்டுக் கை வைக்கவே இல்லை. சிக்னலில் பச்சை விழ பின்பக்கம் ஒருக்கா லேசாக ஆடியது, உடனே முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. பார்க்கிங்கில் துள்ளவில்லை. ஆனால் தடி இருந்த ஓட்டையால் குளிர் வருது. என் துவாயை அடைத்து வைத்திருக்கு.

தயா: இன்றைக்கு ரப்பர் மூடி போடுகிறேன்.

பெரியப்பா: காய்ந்த நாளில் 2இல் போடு பிள்ளை. ஓட்டோவில் முன் அச்சும் சேர்ந்து சுற்றும், பெற்றோல் குடிக்கும்.

பெரியப்பா: தம்பி, பழைய பெட்டியை எறிந்துவிடாதே. நான் வந்து எடுக்கிறேன்.

தயா: உங்களுக்கு எதற்கு?

பெரியப்பா: கழற்றிப் பார்க்க.

பெரியம்மா: தயா, இன்றைக்கே எறி.