பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கிய அனுபவம்: தள்ளுவண்டி, கார் சீட், பழைய சாமான்

பொங்கோல் அம்மா

பால் பவுடர், பாம்பர்ஸ், ஈரத் துணி எல்லாம் வேலைக்குப் போகும்போது ரயிலில் நின்றபடியே போனில் ஆர்டர் போட்டுவிடுவேன். அதில் தலைவலி இல்லை. பெரிய சாமான்தான் பாடாய்ப் படுத்துகிறது.

மகனுக்கு ஒரு கடைத்தொகுதியில் தள்ளுவண்டி வாங்கினோம். விலை கொஞ்சநஞ்சமில்லை. சில வாரத்திலேயே வண்டி இடதுபக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கவிழ்த்துப் பார்த்தால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பூணில் முடி அளவுக்கு ஒரு விரிசல். கடைக்குக் கொண்டுபோனோம். "வாரண்டி ஃபிரேமுக்கு மட்டும்தான். சக்கரம் தேய்மானத்தில் சேரும்" என்றார் கல்லாவில் இருந்த பையன். என் கணவர் வண்டியை மடக்கவே தொடங்கிவிட்டார்.

நான் விடவில்லை. இங்கே சிங்கப்பூரில் 'லெமன் லா', அதாவது குறையுள்ள பொருளை விற்றால் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டம், 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுத்தபோதே அந்தக் குறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கடையின் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் இது தனி. இதைச் சத்தம் போடாமல் சொன்னேன். பையன் உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தார். அவர் ரசீதைக் கேட்டார், விரிசலைப் படம் எடுத்துக்கொண்டார், அடுத்த வாரமே முன்சக்கரத்தை முழுதாக மாற்றிக் கொடுத்தார்கள்.

புது வண்டி தரவில்லை, காசும் தரவில்லை. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றவோதான் கேட்க முடியும். அது சரிப்படாவிட்டால்தான் விலைக் குறைப்பும் பணமும். கடைக்காரர் மசியவே இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

ரசீதை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். என்னுடையது பாம்பர்ஸ் பைக்குள் கிடந்து எழுத்தே வெளுத்துப் போயிருந்தது. போனில் இருந்த படம்தான் காப்பாற்றியது.

இன்னொன்று. கடைத்தரை வழுவழுவென்று இருக்கும், எந்த வண்டியும் அங்கே பல்லக்கு மாதிரிதான் போகும். வாசலில் பார்வையற்றோருக்காகப் பதித்திருக்கும் மேடு வைத்த ஓடுகள் மேல் தள்ளிப் பாருங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கையால் மடக்கியும் பாருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து பேருந்தில் விரித்த வண்டியோடு ஏறலாம் என்றாலும், சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் அந்த இடம் அவர்களுக்குத்தான். அப்போது மடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் அப்பா

அக்கா சொன்ன சட்டம் கடைக்காரங்களுக்குத்தான். கேரசல் மாதிரி பழைய சாமான் விக்கிற செயலியில தனி ஆள்கிட்ட பழசு வாங்கினா அது கைகொடுக்காது. அதனால வாங்குற இடத்துலயே பிரிச்சுப் பாத்துடணும்.

எங்க வீட்ல பாதிச் சாமான் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட்டுக்கு மேலாகக் கைமாறினதுதான். விக்கிறவரு உள்ளே நிப்பாரு, நாம வெளியே. அவருக்கும் கார்டு தட்ட வேண்டியதில்ல, நமக்கும் வேண்டியதில்ல. பொம்மை, புத்தகம்னா சுலபம். ஒருதடவ சாப்பாட்டு நாற்காலி. ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இலவசமாத் தர்றேன்னு போட்டிருந்தாங்க. மடக்காம அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க! கேட்டுக்கு மேல தூக்க முடியல, அடியிலயும் நுழையல. பின்னால வேலை முடிஞ்சு வர்ற கூட்டம். கடைசில ஸ்டேஷன் ஊழியர் வந்து அகலக் கதவத் திறந்துவிட்டாரு. அவரே ஒரு கால் புடிச்சாரு. மக்சிக் போற போக்குல பேரனோட சின்னச் சட்டை ஒரு பையும் கையில திணிச்சுட்டுப் போனாங்க. பெல்ட்டு பக்கிள் மட்டும் தேஞ்சிருந்துச்சு, புதுசா வாங்கி மாட்டினேன்.

தொட்டில் பழசு வாங்கியிருக்கேன், மெத்தை பழசு வாங்க மாட்டேன். மனசு ஒப்பல.

தெம்பனிஸ் மருமகள்

பழசு வாங்குகிற தம்பிக்கு: கார் சீட் மட்டும் வேண்டாம். விபத்தில் சிக்கிய சீட்டா என்று பார்த்துச் சொல்ல முடியாது, வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

எங்களிடம் கார் இல்லை, எதற்கு சீட் என்றுதான் இருந்தோம். மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது மழை. செயலியில் பதிவு செய்த வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் அங்கிள் கண்ணாடியை இறக்கி, "சீட் இருக்கா? இல்லாட்டி ஏத்த முடியாது" என்றார். என் மாமியாருக்குக் கோபமான கோபம், "பச்சப்புள்ளைய மழையில நிக்க வைக்கிறானே" என்று. ஆனால் அவர் பேரில் தப்பே இல்லை. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைக்குப் பொருத்தமான சீட் இருக்க வேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. வரிசையில் நின்று டாக்சி பிடித்து வந்தோம். டாக்சியில் மட்டும் பிள்ளைக்கு ஆபத்து குறைவா என்ன? அந்த விலக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த வாரமே பெல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய சீட் ஒன்று வாங்கினோம். தூக்கிக்கொண்டு அலைவது கஷ்டம்தான்.

ஈசூன் ரெண்டு பிள்ளை

மகன் தொடக்கநிலை ரெண்டு. கண்ணாடி போடணும்னு சொல்லிட்டாங்க. கடையில பணம் எடுத்து நீட்டுறேன், "சிடிஏல காசு இருக்கான்னு பாத்தீங்களா?"ன்னு அந்தப் பொண்ணே கேட்டுச்சு. சிடிஏங்கிறது பிள்ளை பேர்ல இருக்கிற பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு. அது பாலர் பள்ளியோட முடிஞ்சிடும்னு நெனச்சுக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேரு. பிள்ளைக்கு 12 வயசு ஆகுற வருஷக் கடைசி வரைக்கும் இருக்கும். பேபி போனஸ்ங்கிற அரசாங்கத் திட்டத்துல பதிஞ்ச கண்ணாடிக் கடை, கிளினிக், மருந்துக் கடையில செலவு பண்ணலாம். பேரங்காடியில பாம்பர்ஸ் வாங்க ஆகாது. கடை பதிஞ்சிருக்கான்னு மட்டும் முதல்ல கேட்டுக்குங்க, எங்க புளோக்குக்குக் கீழ இருக்கிற கடைல அந்த வசதி இல்ல, ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போக வேண்டியதாச்சு.